முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே: படுக்கைப் புண் பற்றி மதுரை வீடுகளில் கேட்கிற கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். அதற்கு முன் பல வருடம் வார்டில் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், எந்த பெட் வாங்கட்டும்?" நல்ல கேள்விதான். ஆனால் பெட் வாங்கி முடித்த பிறகு அதன் மேல் என்ன விரிக்கிறார்கள் என்பதில்தான் நான் பார்த்த பாதிப் புண்கள் தொடங்கியிருக்கின்றன. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படுக்கைப் புண் ஏன் வருகிறது? கொசுக்கடி, அழுக்கு, அதனாலா?

இல்லை. சுத்தமாக வைத்திருக்கும் வீட்டிலும் வரும். ஒரு பக்கம் எலும்பு, இன்னொரு பக்கம் மெத்தை, நடுவில் மாட்டிக்கொண்ட சதை. அந்த இடத்தின் மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, சதை ரத்தம் இல்லாமல் சாகத் தொடங்குகிறது. அழுத்தம் கூடுதலாக இருந்தால் குறைந்த நேரம் போதும். அழுத்தம் குறைவாக இருந்தாலும் நேரம் நீண்டால் அதே கதிதான்.

கடைகளில் "இந்த பெட் அழுத்தத்தை 32க்குக் கீழே கொண்டுவரும்" என்று சொல்வார்கள். அந்த 32 மில்லிமீட்டர் பாதரச அளவு, 1930ல் லாண்டிஸ் என்பவர் நக ஓரத்து மெல்லிய ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தமாக அளந்தது. ஆரோக்கியமானவரின் விரலில் எடுத்த கணக்கை, சர்க்கரை நோயும் ரத்தக் குறைவும் உள்ள எழுபத்தைந்து வயதுக்காரரின் அடிமுதுகுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டி உள்ளேதான் ஆரம்பிக்கும். தோலில் தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கலாம். புண் திறக்காமலே காயம் இருக்கக்கூடும் என்பதால்தான் 2016ல் அமெரிக்க நிபுணர் குழு 'அழுத்தப் புண்' என்ற பெயரையே 'அழுத்தக் காயம்' என்று மாற்றியது. வால் எலும்புக்கு மேலே உள்ள அடிமுதுகும் குதிகாலும்தான் அதிகம் அடிபடும் இடங்கள். இடுப்பின் பக்க எலும்பு, தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை எல்லாம் அதற்கு அடுத்து.

சூட்டுக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்? எங்க அப்பத்தா "உடம்புச் சூடு, மோர் கொடுங்க" என்கிறார்.

அப்பத்தா பாதி சரி. மோர் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டிய சூடு வயிற்றில் இல்லை. முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கிறது.

சதையின் சூடு ஒரு டிகிரி ஏறினால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயு சுமார் 10 சதவீதம் கூடும். ரத்தமோ அழுத்தத்தால் குறைந்திருக்கிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிற குடும்பம் மாதிரி, சீக்கிரம் கடனில் விழும். 1995ல் பன்றிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பன்றித் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது. ஒரே அழுத்தம், 100 மில்லிமீட்டர் பாதரசம். ஒரே கால அளவு, ஐந்து மணி நேரம். மாற்றியது வெப்பத்தை மட்டும்: 25, 35, 40, 45 டிகிரி. 25 டிகிரியில் வைத்த இடத்தில் சேதமே இல்லை. 35ல் உள்சதையில் சேதம். 40, 45ல் தோலும் சேர்ந்து போனது. அழுத்தமும் நேரமும் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இது முதல் வழி. இரண்டாவது வழி வியர்வை. தோல் சூடானால் வியர்க்கும், வியர்வை காயாவிட்டால் தோல் ஊறும். துணி துவைத்து முடித்த பிறகு விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்குமே, அந்த நிலையில் முதுகு முழுக்க இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிய தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆளை நகர்த்தும்போது உரிந்து வரும்.

காய்ச்சல் வந்த நோயாளிக்குப் புண் சட்டென்று வருவதற்கும் இதுவே காரணம். காய்ச்சல் 102 என்றால், மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல், அன்றைக்குத் திருப்பிப் போடும் இடைவெளியையும் குறையுங்கள்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதே. ஏசி வேறு இருக்கிறது. பிறகென்ன?

ஃபேன் காற்று மார்பில் படும், முகத்தில் படும். முதுகுக்கடியில் போகாது. அந்த இடம் மூடிய பாத்திரம்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல். தோலின் சூடு சாதாரணமாக 33, 34 டிகிரி இருக்கும். சூடு எப்போதும் அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். அறை 28 டிகிரியாக இருந்தால் உடம்பின் சூடு மெத்தைக்கும் காற்றுக்கும் இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் வெளியே 40ஐத் தொட்டு, ஓட்டு வீட்டுக்குள்ளோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலோ 37, 38 இருக்கும்போது எங்கே இறங்கும்? அறையும் மெத்தையும் தோலை விடச் சூடு. அப்போது உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. நீங்கள் முதுகுக்கடியில் விரித்திருக்கும் ரெக்சின் அந்தக் கடைசிக் கதவையும் சாத்திவிடுகிறது.

மதுரை வெயில் வறண்ட வெயில் என்பதால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. நெற்றி, கை, மார்பெல்லாம் காய்ந்திருக்கும். "வியர்க்கவே இல்லையே" என்பார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தொட்டால் கை ஈரமாக வரும்.

ஏசி இருந்தால் 26, 27ல் வைத்தால் போதும். முதியவர் நடுங்குகிற அளவுக்கு வேண்டாம். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் கூலர் ஓடினால் அறை முழுக்க ஈரப்பதம் ஏறி, வியர்வை காய்வது இன்னும் கஷ்டமாகும்.

வாட்டர் பெட் வாங்குவதா, ஏர் பெட்டா?

பெரியாஸ்பத்திரிப் பக்கத்துச் சர்ஜிகல் கடைகளில் இரண்டும் கிடைக்கும், வாடகைக்கும் தருகிறார்கள். என் அனுபவத்தில் வீட்டுக்கு ஏர் பெட்தான் கையாளச் சுலபம். ஆனால் இரண்டும் என்ன செய்கின்றன என்று தெரிந்து வாங்குங்கள்.

வாட்டர் பெட் உடம்பின் வளைவுக்கு ஏற்ப அமுங்கி, பாரத்தைப் பரப்பிவிடும். தண்ணீர் நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால் படுத்ததும் ஜில்லென்று இருக்கும். ஆனால் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று குழாயைத் திறந்த யாருக்கும் தெரியும். அறையின் சூட்டுக்கு வந்துவிட்ட தண்ணீர் யாரையும் குளிர்விக்காது. மேல்புறம் ரப்பர் அல்லது பிளாஸ்டிக், வியர்வை வெளியேற வழியில்லை. நிரப்பினால் தூக்கிச் சுமக்க முடியாத கனம் வேறு. நிறைய நிரப்பினால் கல் மாதிரி ஆகிவிடும், குறைவாக நிரப்பினால் இடுப்பு கட்டிலைத் தொடும்.

ஏர் பெட் என்று நாம் சொல்வது மோட்டார் வைத்த, குமிழ் குமிழாக இருக்கும் விரிப்பு. ஒரு வரிசைக் குமிழ் ஊதும்போது அடுத்த வரிசை இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போல மாறிக்கொண்டே இருக்கும். எந்த இடத்திலும் அழுத்தம் நிரந்தரமாக நிற்காது என்பதே இதன் கணக்கு. இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் ரூபாய்க்குள் சாதாரண வகை கிடைக்கும். இதற்கும் மேல்புறம் பிளாஸ்டிக்தான், அதனால் சூட்டைப் பொறுத்தவரை பெரிய உபகாரம் இல்லை. மேல்புறத்தில் பொடித் துளைகள் வழியாகக் காற்றைக் கசியவிட்டு முதுகை உலர்த்தும் வகையும் உண்டு. பெரிய மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பார்க்கலாம். விலை கட்டுப்படியாகாது.

ஏர் பெட் இல்லாவிட்டால் புண் நிச்சயம் என்றும் பயப்படாதீர்கள். பிரிட்டனில் 2,029 நோயாளிகளை வைத்து, காற்று மாறும் மெத்தையையும் தரமான ஃபோம் மெத்தையையும் ஒப்பிட்டார்கள். 2019ல் முடிவு வந்தது. காற்று மெத்தையில் 6.9 சதவீதம் பேருக்கும் ஃபோமில் 8.9 சதவீதம் பேருக்கும் புண் வந்தது. உறுதியாக ஒன்று மேல் என்று சொல்லுமளவுக்கு வித்தியாசம் இல்லை.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு சோதனை மட்டும் தினமும் செய்யுங்கள். நோயாளி படுத்திருக்கும்போது, காற்று விரிப்புக்கு அடியில், இடுப்புக்கு நேர் கீழே உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை விடுங்கள். எலும்பு உங்கள் கையில் இடித்தால் காற்று போதாது. குறைந்தது ஓர் அங்குலக் காற்று நடுவில் இருக்க வேண்டும். மோட்டாரில் உள்ள திருகை ஆளின் எடைக்கு ஏற்ப வையுங்கள். 45 கிலோ அம்மாவுக்கு முழுக் காற்று வைத்தால் பலகையில் படுத்த மாதிரிதான்.

ஏர் பெட் போட்டோம். அதற்கு மேல் என்ன விரிக்க வேண்டும்?

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது ஏர் பெட் போட்டேன். அழுக்காகக் கூடாது என்று அதன் மேல் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்தேன். அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பெட்ஷீட், அதன் மேல் ஒன்றுக்கு விரிக்கிற துணி, அப்புறம் டயபர். கத்திரி வெயில் நேரம். நான்காம் நாள் காலையில் அடிமுதுகில் உள்ளங்கையளவு கறுத்திருந்தது. பதினைந்து வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். குமிழ் ஏறி இறங்குவதே அந்தம்மா உடம்புக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவு அடுக்கு. சூடோ, போர்வைக்குள் வைத்த மாதிரி.

அன்றிலிருந்து கணக்கு இதுதான்: ஒரே ஒரு பருத்தி விரிப்பு, சுருக்கமில்லாமல், ரொம்ப இழுத்துக் கட்டாமல். பழைய வேட்டியோ, பல முறை துவைத்து மெலிந்த சுங்குடிச் சேலையோ இதற்கு இணையில்லை. வியர்வையை உறிஞ்சும், சீக்கிரம் காயும், நனைந்தால் உருவி எடுத்து வேறு மாற்றலாம். சேலையை மடித்து இடுப்புக்கடியில் குறுக்காகப் போட்டால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஆளைத் தூக்கி நகர்த்தவும் ஆகும். இழுக்காதீர்கள், தூக்குங்கள்.

ரப்பர் ஷீட் இல்லாமல் மெத்தை நாறிவிடுமே?

புரிகிறது. தண்ணீர் இறங்காமல் ஆவி மட்டும் வெளியேறும்படி பாலியுரித்தேன் பூச்சு கொடுத்த உறைகள் இப்போது கிடைக்கின்றன. கனத்த ரெக்சினை விட இது எவ்வளவோ தேவலை. தோளில், இடுப்பில் இழுபட்டுக் கொடுக்கும். விறைப்பான ரெக்சின் உடம்பைத் தொட்டில் துணி மாதிரி தாங்கிப் பிடித்து, கீழே இருக்கும் நல்ல ஃபோமைப் பயனில்லாமல் செய்துவிடும். ரப்பர் ஷீட்தான் இருக்கிறது என்றால் இடுப்பளவுக்கு மட்டும் போடுங்கள், மேலே பருத்தி.

டயபரைப் பகலில் கட்டாமல், அடியில் விரித்து மட்டும் வையுங்கள். தொடை இடுக்கு மூச்சு விடும். இரவில் கட்டினால் நடுவில் ஒருமுறையாவது பாருங்கள். கழுவித் துடைத்ததும் துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லிசாகத் தடவலாம்.

இலவம் பஞ்சு மெத்தை குளிர்ச்சி என்கிறார்களே, அது போதாதா?

போடியிலிருந்து வாங்கி வந்த மெத்தை என்று பெருமையாகக் காட்டுவார்கள். எனக்கும் பிடித்த மெத்தைதான், தூங்குவதற்கு. இலவம் இழை உள்ளே கூடாக இருக்கும், மெழுகுப் பூச்சு கொண்டது. காற்று நிறைய இருப்பதால் லேசாக, வெக்கை இல்லாமல் தோன்றும். ஆனால் அதே காற்றுக்கூடு சூட்டையும் பிடித்து வைக்கும். அசையாமல் ஒரே இடத்தில் கிடப்பவருக்குக் கீழே சில வாரத்தில் அமுங்கி, இடுப்புக்குப் பள்ளமாகிவிடும். பள்ளத்தின் அடியில் பலகை. சிறுநீர் பட்டால் கழுவ முடியாது.

திரும்பிப் படுக்க முடிகிற, பகலில் நாற்காலியில் உட்காருகிற தாத்தாவுக்கு இலவம் பஞ்சு போதும். வாரம் ஒரு தடவை வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். தானாக அசைய முடியாதவருக்குப் போதாது. சாதாரணப் பஞ்சு மெத்தையும் அப்படித்தான், கட்டி கட்டியாகத் திரண்டு அந்தக் கட்டிகளே அழுத்தும்.

மெமரி ஃபோம், கூலிங் ஜெல் என்று விளம்பரம் வருகிறதே?

மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி, வளைவுகளுக்கு ஏற்ப உள்வாங்கும். பாரம் பரவுவதற்கு நல்லது. ஆனால் அப்படி உள்வாங்கி நாலாபுறமும் அணைத்துக்கொள்வதாலேயே சூடு வெளியேற இடமில்லை. ஜெல் படலம் முதல் கொஞ்ச நேரம் குளிரும். அதுவும் சூடேறிய பின் மற்ற மெத்தை மாதிரிதான். நாள் முழுக்க எழுந்திருக்காதவருக்கு அந்தக் கொஞ்ச நேரத்தால் என்ன லாபம்? கடையில் படுத்துப் பார்க்கும் ஐந்து நிமிடத்தை நம்பி வாங்காதீர்கள்.

ஃபோம்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், ஐந்தாறு அங்குலக் கனத்தில் அடர்த்தியான, அமுக்கி விட்டதும் மீண்டு வருகிற ஹெச்.ஆர். வகையைக் கேளுங்கள். கடைக்காரர் "40 டென்சிட்டி" என்பார், அது போதும். முஷ்டியால் நன்றாக அழுத்தினால் கட்டில் பலகை தட்டக் கூடாது. தேங்காய் நார் மெத்தையில் காற்றோட்டம் உண்டு, ஆனால் கடினம். அதன் மேல் நல்ல ஃபோம் அடுக்கு ஒன்று போட்டால் இரண்டின் குணமும் கிடைக்கும். பட்ஜெட் இடிக்கிற வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கயிற்றுக் கட்டில்?

காற்று கீழிருந்து வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கயிறு கயிறாக அழுத்தும், நடுவில் தொட்டிலாகத் தொய்யும். அசைய முடியாதவருக்கு வேண்டாம்.

காற்று வளையம் வைத்தால் இடுப்பு படாமல் இருக்குமே?

வேண்டவே வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள வளையம், ஓட்டையைச் சுற்றிலும் உள்ள சதையை நெருக்கி, நடுவில் இருக்கும் இடத்துக்கு ரத்தம் போகாமல் செய்யும். துணியைச் சும்மாடாகச் சுற்றி வைப்பதும் இதே தப்புதான். சர்வதேச வழிகாட்டுதல்களே வளையத்தைக் கூடாது என்கின்றன. இன்னும் கடைகளில் விற்கிறார்கள்.

ஏர் பெட் இருந்தால் இனி திருப்பிப் போட வேண்டியதில்லைதானே?

கேட்கும்போது முகத்தில் ஒரு நம்பிக்கை தெரியும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து எழுந்து அலுத்துப்போனவர்கள். இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற பழக்கத்துக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர். இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் 1944லிருந்து தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களை இரவு பகலாகத் திருப்பிப் போட வைத்தார். பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஆனால் இரண்டு மணி என்பது கல்லில் எழுதியதல்ல. 2013ல் வெளியான ஆய்வில், முதியோர் இல்லங்களில் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இருந்த 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் என்று பிரித்துத் திருப்பினார்கள். மூன்று வாரத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அது நல்ல மெத்தை, நல்ல கவனிப்பு உள்ள இடம். அதனால் வீட்டில் நான் சொல்வது: பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை. தோல் நன்றாக இருந்து, மெத்தையும் நன்றாக இருந்தால் இரவில் மூன்று, நான்கு மணி வரை விடலாம். காலையில் தோலில் அடையாளம் தெரிந்தால் மறுநாள் இடைவெளியைக் குறையுங்கள். பார்த்துக்கொள்பவரும் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் வீட்டில் இரண்டு நோயாளி.

திருப்புவதால் அழுத்தம் மட்டும் குறைவதில்லை. மூடிக்கிடந்த முதுகு அப்போதுதான் காற்றைப் பார்க்கிறது. ஒருக்களித்துப் போட்டதும் உடனே சட்டையை மூடாமல் இருபது நிமிடம் ஃபேன் காற்று முதுகில் படட்டும். வெயில் காலத்தில் நம்மிடம் உள்ள சிறந்த குளிர்சாதனம் இதுதான், கரண்ட் பில்லும் வராது.

முழுப் பக்கவாட்டில் நிமிர்த்திப் படுக்க வைக்காதீர்கள், பாரம் முழுக்க இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்க விடுங்கள். எந்த விலை மெத்தையானாலும் குதிகாலுக்கு இதை விட நல்ல வழி இல்லை.

கரண்ட் போனால் ஏர் பெட் என்னாகும்?

சாதாரண வகையில் காற்று மெல்ல இறங்கும். அந்த மோட்டார் ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் குடிக்கும், இன்வெர்ட்டரில் தாராளமாகப் போடலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்துவார்களே, அந்த நாளைச் செய்தித்தாளில் பார்த்துவைத்து, இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் அடியில் ஃபோம் மெத்தை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் பலகை மேல் ஏர் பெட்டை விரிக்கவே கூடாது.

"சிவந்தால் கவனி" என்கிறார்கள். எங்கள் நிறத்தில் சிவப்பு எப்படித் தெரியும்?

வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடம் அது. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலை விடக் கறுத்தோ, ஊதா படர்ந்தோ, சில சமயம் பளபளப்பாகவோ தெரியும். கண்ணை விடக் கையை நம்புங்கள். புறங்கையை முதலில் பக்கத்துத் தோலில் வையுங்கள், பிறகு எலும்பு மேட்டில் வையுங்கள். அந்த இடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே எரிச்சல் தொடங்கிவிட்டது. பக்கத்தை விடக் குளிர்ந்திருந்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தமாகலாம், அது இன்னும் மோசம். கல்லாக இறுகியிருக்கிறதா, அல்லது கனிந்த பழம்போல அமுங்குகிறதா என்றும் பாருங்கள். பேச முடிந்தவரிடம் வலி கேளுங்கள். திருப்பிய உடனே பார்க்காதீர்கள், மெத்தைச் சூடே கையில் தெரியும். திருப்பி அரை மணி கழித்தும் மாற்றம் போகாமல் இருந்தால் அந்தப் பக்கம் இனி படுக்கவே கூடாது.

பவுடர் போட்டு, ஸ்பிரிட் தடவி, நன்றாகத் தேய்த்துவிடலாமா?

எங்கள் காலத்துச் செவிலியர் பயிற்சியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் செய்திருக்கிறேன். இப்போது கூடாது என்று தெரியும். நிறம் மாறிய எலும்பு மேட்டைத் தேய்த்தால் ஏற்கெனவே நைந்த குழாய்கள் கிழியும். ஸ்பிரிட் தோலை வறட்டும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து மாவுக் கட்டியாகி உரசும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவலாம், அவ்வளவுதான். உணர்ச்சி இல்லாத இடத்தில் வெந்நீர்ப் பையோ ஐஸ் கட்டியோ வைக்காதீர்கள்.

வாழை இலை விரிக்கலாமா?

சுருக்கம் இல்லாமல், வழவழப்பாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். உரசல் குறையும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, அழுத்தத்தையும் குறைக்காது. நடு நரம்பைச் சீவிவிட்டு ஒரு வேளை போடுவதில் கெடுதல் இல்லை. மெத்தைக்கு மாற்று அது இல்லை.

கஞ்சி கொடுக்கத் தலைப்பக்கம் உயர்த்துகிறோம். அதில் என்ன தப்பு?

உயர்த்தித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். ஆனால் உயர்த்தியதும் உடம்பு கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நழுவும். நடுவில் ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கும். வியர்வை ஈரம் இருந்தால் தோல் இன்னும் பிடித்துக்கொள்ளும். முதலில் முழங்காலுக்கடியில் தலையணை, பிறகு தலைப்பக்கம். சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்து 30 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். அப்படியே டிவி பார்க்கட்டும் என்று மதியம் முழுக்க விடுகிற வீடுகள்தான் அதிகம்.

சாப்பாடு?

புண் வரும் ஆபத்தில் இருப்பவருக்குத் தினமும் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ என்றால் 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு. பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை, கடைந்த பருப்பாகக் கொடுங்கள். கிட்னிப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

புண் வந்துவிட்டது. வீட்டிலேயே பார்க்கலாமா?

தோல் உரிந்த அளவில் இருந்தால், சலைன் (உப்பு நீர்) ஊற்றிக் கழுவி, செவிலியர் சொல்லும் கட்டு போட்டு, அந்தப் பக்கம் பாரம் விழாமல் வைத்தால் ஆறும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வருவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், ஆறுகிற சதையையும் அது எரிக்கும். குதிகாலில் காய்ந்த, இறுகிய கறுப்புத் தட்டு இருந்து, சுற்றிலும் சீழோ வீக்கமோ இல்லையென்றால் அதைப் பிய்க்க வேண்டாம். நாற்றம், காய்ச்சல், சீழ், எலும்பு தெரிவது, உளறல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த் தணிப்புச் சேவையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்பா போய்விட்டார். ஏர் பெட் பரணில் கிடக்கிறது. வேறு யாருக்காவது கொடுக்கலாமா?

தாராளமாக. செத்தவர் படுத்தது என்று சிலர் தயங்குவார்கள். கேட்டு வாங்கிப்போக ஆள் இருக்கிறது, எனக்கே மாதத்தில் இரண்டு மூன்று போன் வரும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் கரைசலைப் பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்து இன்னொருமுறை துடைத்து, நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் விறைத்து வெடிக்கும். பிறகு தரையில் விரித்து மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். இரண்டு வரிசையும் மாறி மாறி ஏறுகிறதா, குழாய் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். குமிழுக்குள் ஓட்டை இருந்தால் சோப்பு நுரை காட்டிக் கொடுக்கும். ஒட்டுப் போடும் துண்டு பெட்டியிலேயே வந்திருக்கும், அதையும் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.

கொடுக்கும்போது மேலே ஒரு விரிப்பு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் பழைய சுங்குடி இருந்தால் அதையும் மடித்து வைத்துக் கொடுக்கலாம்.